துணைக்குப் போனவள்

“நீ மொதல்ல போயிட்டு வா அம்சம். அப்புறம் நான் போறேன்.”

தஞ்சாவூர் ஸ்கேன் சென்டரில் உட்கார்ந்துகொண்டு வைரக்கண்ணு இப்படிச் சொன்னதும் அம்சத்துக்குச் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லை. வெள்ளத்தில் வாய்க்கால் உடைத்துக்கொண்டபோது இடுப்பளவு தண்ணீரில் நின்று மணல் மூட்டை அடுக்கிய மனுஷன்.

“பீடி குடிச்சது நீங்க. நான் எதுக்குங்க போகணும்?”

“உள்ள என்ன செய்றாங்கன்னே தெரியல, பயமா இருக்கு. நீ பாத்துட்டு வந்து சொன்னா தெம்பா இருக்கும். டாக்டரம்மாதான் உனக்கும் சேத்து எழுதியிருக்காங்கல்ல.”

அவர் பீடியை விட்டது போன பொங்கலுக்குத்தான். அத்தனை வருஷம் குடித்தவர் நுரையீரலை ஒருமுறை ஸ்கேன் செய்து பார்த்துவிடுவது நல்லது என்று டாக்டர் இசைவாணி சொல்லியிருந்தார். அதே புகையில் இருந்தவளுக்கும் எடுக்கலாம் என்றார். அதை அம்சம் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. நடவு வேலையை விட்டுவிட்டு நன்னிலத்தில் பஸ் ஏறியதே இவருக்குத் துணையாகத்தான்.

“ஊர்ல யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. மானம் போயிடும்” என்று முணுமுணுத்தபடி எழுந்தாள்.

உள்ளே நிலோஃபர் என்ற பெண் அவளைப் படுக்க வைத்தாள்.

“ஊசியெல்லாம் கிடையாதும்மா. மூச்ச இழுத்துப் புடிங்க. அவ்வளவுதான், விடுங்க.”

படுக்கை ஒரு பெரிய வளையத்துக்குள் போய்த் திரும்பியது. முடிந்துவிட்டது.

“ஒண்ணுமே இல்லீங்க. போங்க” என்று வெளியே வந்து கணவரை உள்ளே தள்ளினாள். கொஞ்ச நேரத்தில் அவரும் தெளிந்த முகத்தோடு திரும்பி வந்தார்.

சில நாள் கழித்து டாக்டர் இருவரையும் கூப்பிட்டார்.

“அவரு நுரையீரல் நல்லா இருக்கும்மா. உங்களுக்குத்தான் பட்டாணி அளவுல ஒரு கட்டி தெரியுது.”

டாக்டர் எதிரிலேயே வைரக்கண்ணு அம்சத்தின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“சாதாரண எக்ஸ்ரேல இது தெரிஞ்சிருக்காது. இருமல், வலின்னு நீங்க வர்றப்ப ரொம்பப் பெருசாயிருக்கும். நல்ல நேரத்துல வந்தீங்க.”

மேற்கொண்டு செய்த பரிசோதனைகளில் அது புற்றுநோய்தான் என்று உறுதியானது. எங்கும் பரவியிருக்கவில்லை. ஆபரேஷனில் அந்தப் பகுதியை எடுத்துவிட்டார்கள். குறுவை அறுவடைக்கு மெஷின் வயலில் இறங்கியபோது அம்சம் வரப்பில் நின்று, “ஓரத்த விட்டுடாதீங்க தம்பி” என்று டிரைவரை விரட்டிக்கொண்டிருந்தாள்.

மறுபரிசோதனைக்குப் போன அன்று ஸ்கேன் நல்லபடியாக முடிந்தது. வைரக்கண்ணு மாத்திரை வாங்கப் போயிருந்தார். அம்சம் நிலோஃபரைத் தனியே அழைத்தாள்.

“அவருக்கும் வருஷத்துக்கு ஒருக்கா எடுக்கணும்னாங்கம்மா. பயந்த மனுஷன், நீங்கதான் பக்குவமா எடுத்துச் சொல்லணும்.”

நிலோஃபர் சிரித்துவிட்டாள்.

“அவரா பயந்தவரு? அன்னிக்கு அவருக்கு ஸ்கேனே எடுக்கலம்மா. அதுக்கு முந்தின மாசமே தனியா வந்து எடுத்துட்டுப் போயிட்டாரு. ‘என் புகையத்தான் அவளும் இத்தன காலம் குடிச்சிருக்கா, அவளுக்காகன்னா வரமாட்டா, எனக்குத் துணைக்குன்னா வருவா’ன்னு டாக்டர்கிட்டயும் என்கிட்டயும் சொல்லி வெச்சிட்டு, அன்னிக்கு உள்ள வந்து டீ குடிச்சிட்டுத்தான் போனாரு.”