கல்லுக்கு வைத்த பெயர்

உறையைக் கிழித்ததும் சுரங்க அளவையாளரின் கண்கள் ஒரே ஒரு சொல்லைத் தேடின: தம் பெயரை.

கைவிடப்பட்ட ஏழாம் சுரங்கப் பாதையில் முழங்கால் தேயத் தவழ்ந்துபோய், நகக்கண் அளவே இருந்த அந்தப் பச்சைப் படிகத்தைப் பெயர்த்தெடுத்தவர் அவர்.

அதைச் சோதித்தவன் ஆய்வகத்து வேதியியலாளன். பள்ளி நாள் முதல் அவருக்கு நண்பன். செம்பும் ஆர்சனிக் நஞ்சும் கூடிப் பிறந்த, எவரும் அதுவரை கண்டிராத கனிமம் என்று தெரிந்த அன்று, அவரைக் கட்டிப்பிடித்துத் தூக்கியே விட்டான்.

"உன் பேர்தான்டா வைப்பேன். அழகான விஷக்கல்லு, உனக்குப் பொருத்தமாத்தான் இருக்கும்!"

தம் பெயரில் ஒரு கல் வரப்போகிறது என்று அவர் முடிவெட்டுகிறவரிடம்கூடச் சொல்லி வைத்திருந்தார்.

நண்பன் அனுப்பியிருந்த ஆய்வுக் கட்டுரையின் முதல் பக்கத்தில் அவர் பெயர் இல்லை. கடைசிப் பக்கத்தில், உதவியவர்கள் வரிசையில், வண்டி ஓட்டுநருக்கு அடுத்து இருந்தது.

கனிமத்தின் பெயர் மின்மினைட்.

விளக்கொளி பட்டதும் பச்சையாய் மினுங்குவதால் இப்பெயர் என்று கீழே ஒரு விளக்கம்.

அந்தப் பெயரை அவர் விரல் வைத்து எழுத்தெழுத்தாக மீண்டும் படித்தார்.

மணமான புதிதில் ஒருநாள் மின்சாரம் போயிற்று. கைவிளக்கை ஏந்தி அறைக்குள் வந்த மனைவியை அவர் 'மின்மினி' என்று அழைத்தார். அன்றுமுதல் கதவு சாத்திய அறைக்குள் மட்டுமே புழங்கிய பெயர். பெற்ற மகளுக்குக்கூடத் தெரியாது.

தாமே எங்கோ வாய்தவறி உளறியிருப்போம் என்று பழியைத் தம் தலைமேல் போட்டுப் பார்த்தார். நண்பனை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

கண்கள் அடுத்த வரிக்கு நகர்ந்தன.

'வெளியே தெரியாத விரிசல் வழியாகப் பாறைக்குள் நீர் கசிந்துகொண்டே இருக்க வேண்டும். பல ஆண்டுகள் எவரும் கலைக்காமல் கிடந்தால் மட்டுமே இது உருவாகும்.'

எதிரே மனைவி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கட்டுரை இன்னும் அவர் கையில்தான் இருந்தது. அதில் ஒரு சொல்லையும் அவர் வாய்விட்டுப் படித்திருக்கவில்லை.

"நம்ம கல்லுக்குப் பேர் வெச்சிட்டான்" என்றார், சிரிக்க முயன்றபடி.

கத்தி நின்றது. அவள் நிமிரவில்லை.

"அந்தப் பேரு வேணாம்னு அவர்கிட்ட எத்தனையோ தடவ சொன்னேங்க."