மிச்சமிருந்த ஒரே இடம்

நீதிபதி நாற்காலியில் சாயாமல் உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெற்று ஒன்பது வருடங்கள் ஆகியும் அவருடைய முதுகு மட்டும் இன்னும் பதவியில் இருந்தது. பக்கத்தில் எட்டு வயதுப் பேத்தி பென்சிலின் வாலைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"ஒரே ஒரு இடம்தான் பாக்கின்னு கேள்விப்பட்டேன். அது எங்க வீட்டுக்குத்தான் வரணும்மா" என்றார்.

தலைமையாசிரியை பெருமூச்சு விட்டார். "காலையிலேருந்து நீங்க ஏழாவது ஆள் ஐயா. வெளியில டாக்டர் வேற பேரனோட காத்துக்கிட்டிருக்காரு."

"அந்தப் பயலும் எங்க வீட்டுப் புள்ளையும் ஒண்ணா? எங்க குடும்பம் எப்பேர்ப்பட்டதுன்னு உங்களுக்கே தெரியும்."

"தெரியாம என்ன? மூணு தலைமுறைப் பெருமையையும் போன வருஷம் பதினோரு பக்கத்துக்கு எழுதிக் குடுத்தீங்களே. ஃபைல்ல பத்திரமா இருக்கு."

நீதிபதி தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

ஜன்னலுக்கு வெளியே இரண்டு வகுப்பறைகள் தெரிந்தன. மேதைகள் வகுப்பில் பெஞ்சுக்கு ஆறு பேராக அறுபது மேதைகள் நெருக்கியடித்து உட்கார்ந்து வாய்ப்பாட்டைக் கத்திக்கொண்டிருந்தார்கள். எதிரே சாதாரண வகுப்பில் நாலே பிள்ளைகள், ஆசிரியையோடு தரையில் உட்கார்ந்து, ஒரு பழைய சைக்கிளை அக்கக்காகக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். பேத்தி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முன்னெல்லாம் ஒரு நாளைக்கு நூறு 'ஏன்' கேப்பா. இப்ப வாயே தொறக்கறதில்லைம்மா" என்றார் நீதிபதி. "இந்த இடம் கிடைக்கலேன்னா புள்ள வாடிப்போயிடும்."

தலைமையாசிரியைக்கு மனம் இளகியது. "சரி, ஒரே ஒரு கேள்வி. பாப்பா, பதினேழை நாலால பெருக்கினா எவ்வளவு?"

"அறுபத்தெட்டு" என்றாள் பேத்தி, கேள்வி முடிவதற்குள்.

நீதிபதி தலையில் கைவைத்துக்கொண்டார். "காலையிலேருந்து படிச்சுப் படிச்சுச் சொன்னேனேடி!"

"வாயில வந்துடுச்சு தாத்தா."

"பாத்தீங்களா ஐயா? இப்படிச் சரியாப் பதில் சொன்னா சாதாரண வகுப்புல நான் எப்படி இடம் குடுக்கறது?" தலைமையாசிரியை ஃபைலை மூடினார். "அடுத்து டாக்டரை வரச் சொல்லுங்க."

நீதிபதி எழுந்து நின்றார். முப்பது வருடங்கள் சாட்சிகள் தன் முன்னால் செய்ததைப்போலவே வலது கையை உயர்த்தினார்.

"சத்தியமா சொல்றேன்மா, எங்க பேத்தி மக்கு!"