ஏஐக்கு ஒரு கையேடு

"இனிமே கல்யாணம், காதுகுத்துக்குப் போடுற அனிமேஷன் எல்லாத்தையும் இந்த ஏஐயே செஞ்சிடும். உனக்குத் தெரிஞ்சதை அதுக்குப் புரியற மாதிரி கையேடா எழுதிக் குடுத்துட்டு, வெள்ளிக்கிழமையோட நீ நின்னுக்கம்மா" என்றார் பெரம்பலூர் டிசைன் கடை முதலாளி அரியமுத்து.

"ரொம்பப் பெரிய மனசு சார்" என்றாள் சிவரஞ்சனி.

ஆனாலும் ஆசையாகத்தான் எழுதினாள். விருந்தாளி வாசலை நெருங்கியதும் நடையைக் குறைப்பதுபோல, படமும் நிற்கும் இடம் நெருங்கும்போது மெதுவாக நகர வேண்டும். காதுகுத்து என்றால் தாய்மாமன் படம்தான் முதலில் வர வேண்டும்; அத்தை முந்திக்கொண்டால் மண்டபத்தில் சண்டை வரும். இப்படியே நாற்பது பக்கம்.

"ஒரு தடவை படிச்சுப் பாத்துடுங்க சார்."

"படிக்கப் போறது அது. எனக்கெதுக்கு? ஏத்திவிடு."

வெள்ளிக்கிழமை, வேப்பந்தட்டை சின்னதுரை மகளின் காதுகுத்துக்காக வந்திருந்தார். ஒரே நிமிடத்தில் ஏஐ வேலையை முடித்தது. திரையில் தாய்மாமன் நடந்து வந்து, மெதுவாகி, கம்பீரமாக நின்றார்.

"அப்படியே என் மச்சான்! உடனே என் போனுக்கு அனுப்புங்க."

"பாத்தியாம்மா, ஒரு குறை இருக்கா?" என்று சிரித்தபடி அரியமுத்து பொத்தானை அழுத்தினார்.

திரையில் எழுத்து வந்தது: 'கையேட்டின்படி, சிவரஞ்சனி பார்த்துச் சரி சொன்ன பிறகே படம் வெளியே போகும்.'

"அந்த வரியை அழி!"

'கையேட்டைத் திருத்தும் உரிமையும் அவருக்கு மட்டுமே.'

சிவரஞ்சனி பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். "போயிட்டு வரேன் சார்."

அரியமுத்து அவசரமாக எழுந்து, தன் நாற்காலியை அவளுக்கு இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க மேடம்."