விசிலுக்குப் பிறகு

விசில் ஊதியதும் கிளாட்வின் கம்பைத் தரையில் போட்டுவிட்டான். இது மூன்றாவது தடவை.

டிரில் மாஸ்டர் ஜெபசீலனுக்கு ஆத்திரம் வந்தது. சுற்று முடிந்து வணக்கம் வைக்கும் வரை கம்பு கையை விட்டுப் போகக் கூடாது, போனால் ஒரு பொட்டு, அதாவது ஒரு புள்ளி, குறையும். போட்டி விதிகள் முழுவதையும் எழுதிக் கொடுத்ததே அவர்தான். அவருடைய மாணவனே இப்படிப் பொட்டை வாரிக் கொடுத்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

1946-ஆம் வருஷம், தூத்துக்குடியில் பள்ளிக்கூடப் பையன்களின் சிலம்பப் போட்டி. கடைசி ஆட்டம். ஜெயிக்கிறவன் மதராஸுக்கு மாகாணப் போட்டிக்குப் போகலாம். அந்த ஒரே ஆசையில் இரண்டு வருஷமாகக் கம்பும் கையுமாக அலைந்தவன் கிளாட்வின்.

எதிராளி, கீழவைப்பாரில் கடலுக்குள் மூழ்கிச் சங்கு குளிப்பவர் மகன் ஜேசுபாதம். முதல் சுற்று முடிந்து விசில் ஊதிய பிறகும் கிளாட்வின் தோளில் ஓங்கி ஒரு போடு போட்டான். நடுவர் மந்திரமூர்த்தி விரலை ஆட்டி எச்சரித்தார். இன்னொரு தடவை அப்படி அடித்தால் வெளியேதான்.

அதற்குப் பிறகுதான் கிளாட்வின் ஒவ்வொரு விசிலுக்கும் கம்பைப் போட ஆரம்பித்தான்.

“ஒரு அடிக்கே பயந்துட்டான் பாரு” என்று கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

கம்பு நுனியில் பூசிய கரி, பனியன்களில் பொட்டுப் பொட்டாகப் பதிந்திருந்தது. எண்ணிப் பார்த்தார்கள். கிளாட்வின் வைத்தது இரண்டு பொட்டு கூடுதல். கம்பைப் போட்டதற்கு மூன்று கழிந்தது. ஜேசுபாதம் ஜெயித்துவிட்டான்.

மாஸ்டர் கிளாட்வினை ஓரமாக இழுத்துப் போனார்.

“ஏலே, பயந்துட்டியா?”

“இல்ல சார்.”

“பெறகு என்னத்துக்குக் கம்பைப் போட்ட?”

அவன் குனிந்து பனியனில் பதிந்த கரியைத் துடைத்தான்.

“சரி, சொல்லாண்டாம். விசிலுக்குப் பெறகு அடிச்சவன ஜெயிச்சதா வைக்கக் கூடாதுன்னு மனு எழுதிட்டேன். இத நடுவர் கையில கொடுத்தா மதராஸுக்கு நீதான் போவ.”

“கொடுக்காண்டாம் சார். அவன் வேணும்னு அடிக்கல.”

“விசில் ஊரு பூராவும் கேக்கு. அவனுக்கு மட்டும் கேக்கலியோ?”

கிளாட்வின் ஜேசுபாதம் நின்ற பக்கம் பார்த்தான். கண் கலங்கியிருந்தது.

பத்தடி தள்ளி, முதுகைக் காட்டி நின்று ஜேசுபாதம் பனியனை மடித்துக்கொண்டிருந்தான்.

“ஏலே ஜேசுபாதம், இங்கன வா.”

அவன் திரும்பவில்லை.

“ஜெயிச்ச திமிரப் பாரு.”

மாஸ்டர் கழுத்தில் கிடந்த விசிலை எடுத்துப் பலமாக ஊதினார். மைதானத்தில் நின்றவர்களெல்லாம் திரும்பினார்கள். ஜேசுபாதம் மட்டும் நிதானமாகப் பனியனை மடித்து முடித்தான்.

மாஸ்டர் வாயிலிருந்து விசில் நழுவியது.

“போன லீவுல அவுக அப்பா கூடச் சங்கு குளிக்கப் போனான் சார். ஆழத்துல ரெண்டு காதும் ஒடஞ்சு போச்சு. நேத்துதான் எங்கிட்டச் சொன்னான்” என்றான் கிளாட்வின் மெல்ல. “விசில் கேக்காட்டாலும், கம்பு கீழ விழுதது கண்ணுல தெரியும்லா.”

மாஸ்டர் கைக்குள் மனு கசங்கியது.

“இத மொதல்லயே நடுவர்ட்டச் சொல்லியிருக்கலாம்லாடே?”

“காது கேக்காதவன் ஆடக் கூடாதுன்னு நீங்கதான சார் விதியில எழுதி வச்சிருக்கீய.”