டிக்கின் நிலம்

பண்ணை மன்றத்து எழுத்தர் ஆஸ்பர்ட்டுக்கு ஒரு பெயர் உறுத்தியது. இங்கிலாந்தின் யார்க்ஷயரில் அப்போதெல்லாம் குடும்பப் பெயர் தலைமுறைக்குத் தலைமுறை மாறும். சன் என்றால் மகன். வாட்டின் மகன் வாட்சன். அந்த மகன் பெயர் ஆதாம் என்றால், பேரன் ஆதாம்சன். ஆனால் ஓடையோரப் பண்ணையில் டிக்கின் மகன் ஹியூ டிக்சன், ஹியூவின் மகன் வாட்டும் டிக்சன். வாட் போன வாரம் இறந்தார். நிலம் கேட்டு வந்த முப்பது வயது ஆதாமும் தன்னை டிக்சன் என்கிறான்.

வாட்டின் மகன் என்று அயலார் பன்னிரண்டு பேர் சத்தியம் செய்தால் நிலம் அவனுக்கு. இல்லையென்றால் பண்ணைக்குச் சொந்தக்காரரான பிரபுவுக்கு. ஊரே சேர்ந்து எதையோ மறைக்கிறது என்று ஆஸ்பர்ட்டுக்குச் சந்தேகம்.

"வாட்சன்னு சொல்லிட்டுப் போயேன்ப்பா!" என்றார் ஆதாமிடம்.

"வாட் வளர்த்தவருங்க. பெத்தவர் டிக்," என்றான் ஆதாம்.

"எந்த டிக்?"

"ஊருக்கே ஒரு டிக்தானுங்களே," என்றார் சத்தியம் செய்ய வந்த பன்னிரண்டு பேரில் ஒருவரான மாவு ஆலைக்கார ஆலன். "வாட்டுக்கும் இவன் தாத்தாவுக்கும்கூட அவர்தான் அப்பன்."

"அவன் செத்து அறுபது வருஷம்னு ஏட்டுல இருக்கே!"

"புதைச்சாங்கதான். அதுக்காக வீட்டுக்கு வராம, குடும்பத்த விட்டுட முடியுமா?"

யாரும் சிரிக்கவில்லை. பன்னிரண்டு பேரும் வேதப் புத்தகத்தில் கைவைத்து அதையே சொன்னார்கள். தனித்தனியாக அழைத்துக் கேட்டபோதும் ஒரு சொல் மாறவில்லை.

ஆஸ்பர்ட் பழைய தோல் ஏட்டை விரித்தார். டிக் இறந்ததாக இருந்த வரியைக் கத்தியால் சுரண்டினார். நிலம் டிக்கிடமே இருக்கிறது, மகன் ஆதாம் உழுகிறான் என்று அந்த இடத்தில் எழுதினார்.