நடு வளவு வேம்பு

மரம் அரிகிற மரக்காலை வாசலில் வண்டிலை நிறுத்தியதுமே ஆழ்வாப்பிள்ளை சொல்லிவிட்டார்.

"தம்பி, முன்னமே சொல்லிப்போட்டன். தூண் மட்டுமில்லை. பட்டை, சிராய், மரத்தூள் எல்லாம் எனக்கு வேணும். சாக்கும் கொண்டந்திருக்கிறன்."

மரக்காலைக்காரர் செல்வநாயகம் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். அந்தச் சிரிப்பே ஆழ்வாப்பிள்ளைக்குப் பிடிக்கவில்லை. களவெடுக்கிறவன்தான் இப்படிச் சிரிப்பான்.

சண்டிலிப்பாய் ஊரில் அவர் சந்தேகப்படாத ஆள் இல்லை. பால்காரன் தண்ணீர் கலக்கிறான். புகையிலை வியாபாரி தராசில் கை வைக்கிறான். பக்கத்து வளவுக் குணலட்சுமி வேலியைத் தள்ளித் தள்ளிப் போடுகிறாள். இந்தக் கடைசிச் சந்தேகம் வழக்காகவே வளர்ந்து, அடுத்த கிழமை நீதிமன்றத்தில் விசாரணைக்கு வர இருந்தது.

வண்டிலில் கிடந்தது நல்ல பருத்த வேம்பு. ஆனால் இடுப்பில் ஒரு கூன்.

"நேர்த் தூண் வேணுமெண்டால் கூனிலை ரெண்டாத் தறிக்க வேணும், அண்ணை" என்றார் செல்வநாயகம்.

"ஏன் தறிக்கிறீர்? நீட்டுக்கு அரியுமன்."

"நீட்டுக்கு அரிஞ்சால் பாதி மரம் சிராயாய்ப் போயிடும்."

கட்டைத் துண்டுகளாக நறுக்கினால் ஒளித்து வைக்கச் சுலபம் என்று ஆழ்வாப்பிள்ளையின் மனம் சொன்னது. ஆனாலும் தூண் நேராக வர வேண்டுமே.

"சரி, தறியும். ஆனால் நான் இஞ்சைதான் இருப்பன்."

வாளுக்கு நேரே ஒரு மரக்குத்தியை உருட்டிப் போட்டு உட்கார்ந்தார். தேத்தண்ணி குடிக்கக் கூப்பிட்டதற்கும் எழும்பவில்லை.

"மரம் வேலிக்கரையிலையோ நிண்டது, அண்ணை?"

ஆழ்வாப்பிள்ளை நிமிர்ந்தார். "வேலியைப் பற்றி நீர் ஏன் கேக்கிறீர்?"

"ஆணி, கம்பி கிடந்தால் வாள் பழுதாய்ப் போயிடும். அதுதான்."

"இது என்ரை நடு வளவிலை நிண்ட மரம். வேலி எங்கை, இது எங்கை. ஊரிலை ஆரையும் கேட்டுப் பாரும்."

"தூண் என்னத்துக்கு?"

"எல்லையிலை சீமெந்து போட்டு நடப்போறன். பிறகு அவள் குணலட்சுமி எப்பிடி அசைக்கிறாள் எண்டு பாப்பம்."

"புருசன் இல்லாத மனிசி. அவ ஏன் வேலியை அசைக்கப் போறா?"

"நீர் அவளுக்குச் சொந்தமோ?"

செல்வநாயகம் மரத்தை வாளுக்கு நேரே உருட்டினார். ஆழ்வாப்பிள்ளைதான் ஆற்றாமையோடு தொடர்ந்தார்.

"பழைய வேலி எதாலை போனதெண்டு சொல்ல ஆளில்லை, தம்பி. அந்தக் காலத்து ஆக்கள் எல்லாரும் செத்துப் போச்சினம். ஒரு சாட்சி, ஒரே ஒரு சாட்சி கிடைச்சால் காணும். வழக்கு அண்டைக்கே முடிஞ்சிடும்."

எஞ்சின் உறுமியது. மேல்துண்டை அரிந்து முடிக்கையில் கூனல் மரத்தில் இருந்து கயிறு பிடித்தது போல நேர்த் தூண்கள் வந்து விழுந்தன. ஆழ்வாப்பிள்ளை ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்துத் தன் வண்டிலில் தானே ஏற்றினார். கூட்டியள்ளிய தூளையும் சாக்கில் கட்டினார்.

பிறகு அடித்துண்டு ஏறியது. வாள் உள்ளே போய்ச் சற்று நேரத்தில் காது கிழிய ஒரு சத்தம். நெருப்புப் பொறி பறந்தது. செல்வநாயகம் ஓடிப்போய் எஞ்சினை நிற்பாட்டினார். வாளில் பல் உடைந்திருந்தது.

"நீர்தான் ஏதோ செருகிப்போட்டீர். என்ரை மரத்தைப் பழுது எண்டு சொல்லி எடுக்கிற யோசினை."

"கண் வெட்டாமல் பாத்துக்கொண்டு இருந்தனீங்கள், அண்ணை. நான் எப்ப செருகினனான்?"

ஆழ்வாப்பிள்ளை குத்தியை விட்டு எழும்பிக் கிட்ட வந்தார்.

செல்வநாயகம் வெட்டுவாயில் ஆப்பை இறுக்கி அடித்தார். மரம் பிளந்து விரிந்தது.

உள்ளே முள்ளுக்கம்பி. துருப்பிடித்து, ஒரு பக்கத்தால் நுழைந்து மறுபக்கத்தால் வெளியேறிக் கிடந்தது. ஒரு முழம் கீழே இன்னொன்று. அதற்கும் கீழே மூன்றாவது. ஒரு காலத்தில் மரத்தோடு அறைந்த வேலிக்கம்பியை மரமே மெல்ல மெல்ல விழுங்கி வைத்திருந்தது.

"வேலி இந்த மரத்தாலை தானே போயிருக்கு" என்றார் செல்வநாயகம். "நடு வளவு எண்டனீங்கள்?"

ஆழ்வாப்பிள்ளைக்குச் செத்துப்போன தகப்பன் நினைவுக்கு வந்தார். வேலி அடைக்கிற காலம் வந்தால் ஐயா கூலிக்கு ஆள் பிடிக்கமாட்டார். தனியே நின்று தன் கையாலேயே வேலிக் கதியால் தடிகளை நடுவார். பிள்ளைகளையும் அந்தப் பக்கம் விடமாட்டார். ஏன் என்று ஆழ்வாப்பிள்ளை இதுவரை யோசித்ததே இல்லை. இப்போது யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

வேம்புதான் எல்லை என்றால், அங்கிருந்து இன்றைய வேலி வரை எவ்வளவு நிலம். அவருடைய கிணறே அதற்குள்தான் இருக்கிறது.

"அண்ணை, நீங்கள் தேடின சாட்சி இதுதானே" என்றார் செல்வநாயகம் மெதுவாக.

ஆழ்வாப்பிள்ளை தூண்களைக் கயிற்றால் இறுக்கிக் கட்டினார். கீழே சிதறிக் கிடந்த பட்டையைப் பொறுக்கிப் போட்டார். மரத்தூள் சாக்கைத் தூக்கி வைத்தார். வண்டிலில் ஏறி மாட்டைத் தட்டினார்.

"அண்ணை, கம்பி கிடக்கிற துண்டை விட்டிட்டுப் போறியள்."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"அதை நீரே வைச்சிரும், தம்பி. இண்டைக்கே அடுப்பிலை வையும். ஒரு துண்டு விறகுக்கு என்ன கணக்குப் பாக்கிறது?"