உட்கார மாட்டேன் என்ற ஈ

பாரிஸில் அதிவேக ரயில் ஏறிய ஒரு ஈக்கு ஓசிப் பயணம் என்றாலே ஆகாது. "பிரஸ்ஸல்ஸுக்கு நானே பறந்துதான் போவேன்" என்று பெட்டிக்குள் முன்னும் பின்னுமாகப் பறந்தது. மேஜையில் சிந்தியிருந்த சர்க்கரையைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

"உட்காருப்பா, வண்டியே கொண்டுபோய் விட்டுடும்" என்றது ஜன்னலில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த அந்துப்பூச்சி.

"உங்களை மாதிரி நான் சோம்பேறி இல்லண்ணே!"

பிரஸ்ஸல்ஸ் வந்ததும் அந்துப்பூச்சி ஊர் சுற்றக் கிளம்பியது. ஈக்கோ சிறகெல்லாம் ஒரே வலி. "பாத்தீங்களா, பறந்தே வந்துட்டேன்!" என்று சொல்லிவிட்டு, இருக்கையில் விழுந்து அசந்து தூங்கிப்போனது.

கண் விழித்தால், ரயில் மறுபடி பாரிஸில் நிற்கிறது.

"தூங்குற நேரம் பாத்து எவனோ என்னைத் திரும்பக் கொண்டுவந்து போட்டுட்டான். விடுவேனா!"

வண்டி கிளம்பும்வரைகூட ஈ காத்திருக்கவில்லை. பெட்டிக்குள் பறக்க ஆரம்பித்துவிட்டது.